நாள் செய்ததும் மாந்தர் செய்ததும்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளிக்குச் செல்லும் வீதியின் ஓரமாக, இரண்டாம் உலகப் போரில் மாண்டோரை அடக்கஞ்செய்த கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கே அடக்கமாகியுள்ளனர். கற்களிற் பொறித்த திகதிகளைப் படித்துக்கொண்டு செல்பவர், 1942 ஏப்ரல் 9 என்னும் திகதியின் முன் சற்றுத் தரித்து நிற்பது இயல்பு. அன்று காலையிலேதான் யப்பானியக் கடற்படையின் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. துறைமுகத்துள் நின்ற சகாயிங் என்னும் கப்பல் தீப்பற்றியது. யப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கியொன்றின் மேல் வீழ்ந்து வெடித்தது. தாக்குதல் வரவிருப்பதை அறிந்து முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு நீங்கிய ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பாற் கடலிலே கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. அதனோடு 307 பேர் இறந்தனர்.

அதே 1942 ஏப்ரல் 9 அன்று, பிலிப்பைன்ஸ் தீவுகளிற் பட்டான் குடாநாட்டைக் காத்து நின்ற பல்லாயிரம் பிலிப்பினோ, அமெரிக்கப் படையினர் யப்பானியரிடம் சரணடைந்தனர். சரணடைந்தோர் வெயிலிற் பல நாள் நடத்திச் செல்லப்பட்டு, வழியிலே ஆயிரக்கணக்கில் இறந்தனர். அந்நாடு அந்நாளை இன்றும் வீரத் திருநாளாகக் கொள்கின்றது. ஈராண்டுகளுக்கு முன்னர், 1940 ஏப்ரல் 9 அன்று, ஜேர்மனி டென்மார்க்கினுள்ளும் நோர்வேயினுள்ளும் புகுந்தது. 1865 ஏப்ரல் 9 அன்று அமெரிக்க உள்நாட்டுப் போரிலே தென்னவர் தளபதி லீ சரணடைந்தார். 1945 ஏப்ரல் 9 அன்று, ஹிட்லரை எதிர்த்த சமய அறிஞர் போன்ஹோஃபர் தூக்கிலிடப்பட்டார். 2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத் நகர் அமெரிக்கப் படைகளின் கைப்பட்டது. 2022 ஏப்ரல் 9 அன்று கொழும்புக் காலிமுகத்திடலில் மக்கள் கூடாரமிட்டு அமர்ந்தனர்.

இவ்வாறு ஒரே திகதியில் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்துவதிற் கற்றோர்க்கும் கல்லாதோர்க்கும் ஓர் ஈர்ப்பு உண்டு. செய்தித்தாள்கள் இதற்கென ஒரு பத்தியை ஒதுக்குகின்றன; பள்ளி மாணவர் பொது அறிவென்று மனனஞ் செய்கின்றனர். வரிசை நீள நீள, அத்திகதியிலே ஏதோ ஒன்று உறைகின்றது என்ற எண்ணம் உள்ளத்தில் மெல்லத் தலைதூக்குகின்றது. இவ்வெண்ணம் வெறும் பொழுதுபோக்காயின் ஆராயவேண்டுவது யாதும் இல்லை. ஆயின் துயரத்தையும் குற்றத்தையும் மக்கள் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றனர் என்பதோடு இது பின்னிக் கிடக்கின்றமையால், இஃது ஓர் அறவியல் வினாவாகின்றது. வினா இரு பகுதிகளை உடையது. ஒரு நாளைப் பகிர்ந்துகொள்ளும் நிகழ்ச்சிகளுக்கிடையே உண்மையில் உறவு உண்டா என்பது முதலாவது. உறவில்லையெனின், அந்நாளை முன்னிட்டு அவற்றைச் சேர்த்து நினைப்பது தகுமா என்பது இரண்டாவது.

முதற்கண் எண்ணியற் கூற்றை நோக்கலாம். ஆண்டின் நாட்கள் 365. வரலாறு குறித்து வைத்திருக்கும் நிகழ்ச்சிகளோ எண்ணிலடங்கா. எனவே ஒவ்வொரு நாளின் மேலும் பல நிகழ்ச்சிகள் குவிதல் தவிர்க்க முடியாதது. இருபத்து மூவர் கூடிய ஒரு மண்டபத்திலே, எவரேனும் இருவர் ஒரே நாளிற் பிறந்தவராயிருத்தற்கான வாய்ப்பு அரைப்பங்கிலும் சற்று மிகுதி என்பது கணித மாணவர் அறிந்தது. கேட்போர்க்கு இது வியப்பூட்டுவதற்குக் காரணம், ஒவ்வொருவரும் தமது பிறந்தநாளையே மற்றவரின் நாளோடு ஒப்பிட்டு எண்ணுவதேயாகும். உண்மையிலோ இருபத்து மூவருள் 253 இணைகள் உள. வரலாற்றிலும் இவ்வாறே. ஒரு திகதியை முதலிலே தேர்ந்துகொண்டு அதற்கேற்ற நிகழ்ச்சிகளைப் பின்னர் பொறுக்கி எடுப்பவர், பொருந்தாத ஆயிரத்தை எண்ணாது விடுகின்றார். மேலே ஏப்ரல் 9க்குத் தரப்பட்ட பட்டியலும் அவ்வாறு பொறுக்கியதே. ஏப்ரல் 8க்கும் 10க்கும் இதுபோன்ற பட்டியல் எழுதுதல் அரிதன்று.

அடுத்து, திகதி என்பதே யாது என்று வினவல் வேண்டும். 1616 ஏப்ரல் 23 அன்று ஆங்கிலப் புலவர் சேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் மறைந்தனர் என்று பலகாலும் எழுதப்படுகின்றது. செர்வாண்டிஸ் இறந்தது முதல்நாள் என்பதை ஒருபுறம் விட்டாலும், ஸ்பெயின் அக்காலத்திலே திருத்திய கிரெகோரியன் நாட்காட்டியையும் இங்கிலாந்து பழைய யூலியன் நாட்காட்டியையும் கொண்டிருந்தன. இரண்டுக்குமிடையே பத்து நாள் வேறுபாடு. ஆகவே தாளிலே ஒரே திகதி; வானத்திலே வேறு நாள். சேர்ந்து இறக்காத இருவர் நாட்காட்டியின் பெயரொற்றுமையாற் சேர்ந்து இறந்தவராயினர்.

இலங்கையில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. ஏனெனில் இங்கு ஒரே மண்ணிற் பல நாட்காட்டிகள் வழங்குகின்றன. தமிழர் புத்தாண்டைச் சூரியன் மேடத்திற் புகுவதைக் கொண்டு கணிக்கின்றனர். தந்தையரை ஆடி அமாவாசையிலும் தாயரைச் சித்திரைப் பௌர்ணமியிலும் நினைக்கின்றனர். திவசத்தைத் திதி பார்த்தே செய்கின்றனர். பௌத்தர் பூரணை நாட்களைப் போற்றுகின்றனர். முஸ்லிம்களின் ஆண்டு தூய சந்திர ஆண்டாதலின், அவர்தம் நோன்பும் பெருநாளும் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னகர்ந்து பருவங்கள் அனைத்தையும் சுற்றி வருகின்றன. கிறித்தவரின் உயிர்த்த ஞாயிறு, திகதியால் அன்றி நிலவாலும் கிழமையாலும் வரையறுக்கப்படுவது.

இதன் விளைவை ஒரே எடுத்துக்காட்டாற் காணலாம். திருகோணமலைக்கு நான்கு நாள் முன்னர், 1942 ஏப்ரல் 5 அன்று, அதே யப்பானியக் கடற்படை கொழும்பைத் தாக்கிற்று. அன்று உயிர்த்த ஞாயிறு. திகதியால் நோக்குவோர்க்கு அந்நாள் 1971 ஏப்ரல் 5ஐ, அஃதாவது மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி தொடங்கிய நாளை, நினைவூட்டும். திருநாளால் நோக்குவோர்க்கு அதே நாள் 2019 ஏப்ரல் 21ஐ, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்ட உயிர்த்த ஞாயிற்றை, நினைவூட்டும். ஒரே நிகழ்ச்சி, கையில் எடுத்த நாட்காட்டிக்கேற்ப வெவ்வேறு நிகழ்ச்சிகளோடு உறவு கொண்டாடுகின்றது. நிகழ்ச்சிகளின் உள்ளே உறவு இருந்திருப்பின், நாட்காட்டியை மாற்றியதும் அது மறைந்திராது.

கோணேசர் கோயிலின் அழிவும் இங்கே கருதத்தக்கது. 1620களின் தொடக்கத்திற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் டி சா அப்பழங்கோயிலை இடித்து அவ்விடத்தே கோட்டை அமைத்தான். அஃது ஒரு புத்தாண்டு நாளிலே, இறைவன் திருவுலாப் புறப்பட்ட வேளையிலே நிகழ்ந்தது என்பது செவிவழி மரபு. அம்மரபை ஏற்போர் ஏப்ரல் 14 என்று இன்றைய திகதியையும் உடன் இணைத்து விடுகின்றனர். ஆயின் தமிழர் சூரிய ஆண்டு கிரெகோரியன் ஆண்டினும் சற்றே நீண்டது. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற அளவிலே புத்தாண்டு பின்தள்ளிச் செல்கின்றது. கணக்கிட்டுப் பார்ப்பின், அக்காலத்துப் புத்தாண்டு ஏப்ரல் 8ஐ ஒட்டி அமைந்திருத்தல் வேண்டும். இக்கணக்கைக் கண்ட ஒருவர், கோயில் இடிபட்ட நாளும் துறைமுகம் எரிந்த நாளும் ஏறத்தாழ ஒன்றே என்று வியந்து, அதிலே ஒரு தெய்வச் செயலைக் காண முற்படலாம். இல்லாத தொடர்பு எத்துணை எளிதிற் பிறக்கின்றது என்பதற்கு இதுவே சான்று. ஒரு நாள் குறையும்போது "ஏறத்தாழ" என்ற சொல் ஓடிவந்து உதவுகின்றது.

இனி, நாட்கள் ஒன்றுவதெல்லாம் தற்செயல் என்று கூறிவிடலாமோ எனின், அதுவும் பொருந்தாது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அவர் கருதிய பொழுது எண்ணிட்ட திகதியன்று. காரும் கூதிரும் முன்பனியும் பின்பனியும் இளவேனிலும் முதுவேனிலுமாகிய பருவமும், நாளின் சிறுபொழுதுமேயாம். பருவத்துக்குச் செயலாற்றும் வலிமை உண்டு. திருகோணமலையின் வரலாறு இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது. 1782 ஓகஸ்ட் மாத இறுதியிற் பிரான்சியக் கடற்படைத் தலைவர் சஃப்ரன் இத்துறைமுகத்தைப் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றினார். 30ஆம், 31ஆம் நாட்களில் இரு கோட்டைகளும் அவரிடம் பணிந்தன. பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர், 1795 ஓகஸ்ட் மாத இறுதியில், மீண்டும் ஒல்லாந்தர் வசமிருந்த அதே துறைமுகத்தைப் பிரித்தானியர் கைப்பற்றினர். பிரட்ரிக் கோட்டை 26ஆம் நாள் பணிய, ஒஸ்டென்பேர்க் கோட்டை அதனைப் பின்தொடர்ந்தது.

இருமுறையும் ஓகஸ்டின் கடைசி நாட்களே ஏன்? சோழமண்டலக் கரையிலே பெருங்கப்பல்கள் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. ஒக்டோபரில் வடகீழ்ப் பருவக்காற்று எழுந்ததும், சென்னைப்பட்டினத்தின் திறந்த கடலில் நங்கூரமிட்ட கப்பல்கள் அழிவை எதிர்நோக்கும். அன்றேல் பம்பாய்க்கோ வேறு தொலைதூரத் துறைகளுக்கோ விலகவேண்டும். வங்கக் கடலின் மேலைப்புறத்திலே எல்லாப் பருவத்திலும் கப்பலைக் காக்கவல்ல துறை திருகோணமலையே. ஆகவே காற்று மாறுமுன் அதனைக் கைக்கொள்வது இரு வல்லரசுகளுக்கும் உயிர்நிலையான தேவையாயிற்று. இங்கே நாள் ஒத்தமைக்குப் பின்னாற் காற்றும் கடலும் கரையின் அமைப்பும் காரணமாய் நின்றன. 1964 டிசெம்பர் 22இல் திருகோணமலையைத் தாக்கி அன்றிரவே தனுஷ்கோடியை அழித்த சூறாவளியும் இவ்வகையினதே. வடகீழ்ப் பருவத்திலே வங்கக் கடலிற் புயல் எழுவது வியப்பன்று.

இதனோடு டிசெம்பர் 26ஐ ஒப்பிட்டு நோக்குக. 2004 டிசெம்பர் 26 அன்று சுமாத்திராக் கரையோரத்தே நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையோர ஊர்களையும் அழித்தது. இலங்கை முழுவதும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். சரியாக ஓராண்டின் முன்னர், 2003 டிசெம்பர் 26 அன்று, ஈரானிற் பாம் என்னும் தொன்னகர் நிலநடுக்கத்தாற் சிதைந்து இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவ்விரு நாட்களும் ஒத்தமை உள்ளத்தை உலுக்கும். ஆயின் புயலுக்குப் பருவம் உண்டு. பூமித் தட்டுக்களுக்குப் பருவம் இல்லை. நிலத்தின் அடியில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இறுக்கம், மேலே எந்த மாதம் நடக்கின்றது என்பதை அறியாது. முன்னதிற் காரணம் உண்டு. பின்னதில் ஒற்றுமை மட்டுமே உண்டு. இரண்டையும் ஒரே பட்டியலில் இடுவது அறிவைக் குழப்புவதாகும். குழப்பம் ஏட்டோடு நில்லாது. டிசெம்பர் 26இற் கடலை அஞ்சி ஏனைய நாட்களில் எச்சரிக்கையை மறந்திருப்பவர், அடுத்த அலை வேறொரு நாளில் வரும்போது தம்மைக் காத்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. அது மாந்தர் தாமே தேர்ந்து ஒன்றாக்கும் நாள். 1948 பெப்ரவரி 4 அன்று இலங்கை சுதந்திரம் பெற்றது. 1957 பெப்ரவரி 4 அன்று, முந்திய ஆண்டின் அரச கரும மொழிச் சட்டத்தை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளிலே துக்கநாள் அனுட்டிக்கப்பட்டது. அன்று திருகோணமலையிற் கறுப்புக்கொடி ஏற்ற முயன்ற நடராஜன் என்னும் இளைஞர் சுட்டுக்கொல்லப்பட்டார். திருமலை நடராஜன் என்று அவர் பெயர் நிலைத்தது. இவ்விரு பெப்ரவரி 4களும் தற்செயலாக ஒன்றியவையல்ல. சுதந்திர நாளாதலினாலேயே அந்நாள் துக்கநாளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மற்றொன்றும் இங்கே நினைவுகூரத்தக்கது. 1957 பெப்ரவரியில், சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகள் சென்ற பின்னரும், திருகோணமலைத் துறைமுகத்திற் பிரித்தானியக் கடற்படையே வீற்றிருந்தது. அத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது அவ்வாண்டு ஒக்டோபரிலேயாகும். ஆகவே அவ்வூரிலே சுதந்திரம் என்ற சொல்லைக் கேட்டோர், அரசினர்க்கும் எதிர்த்தோர்க்கும் அப்பால், கடலிலே மூன்றாவதொரு கொடியையும் கண்டிருப்பர்.

2022இன் நிகழ்ச்சிகள் இவ்வகைக்கு வேறொரு சான்று. ஏப்ரல் 9 அன்று காலிமுகத்திடலிற் போராட்டம் தொடங்கியது. மே 9 அன்று போராட்டக்காரர் தாக்கப்பட, நாடெங்கும் கலவரம் மூண்டு பிரதமர் பதவி விலகினார். அதன்பின் அவர் திருகோணமலைக் கடற்படைத் தளத்திலே பாதுகாப்புப் பெற்றார். யூன் 9 அன்று ஆளுங்குடும்பத்தைச் சேர்ந்த முன்னாள் நிதியமைச்சர் நாடாளுமன்ற ஆசனத்தைத் துறந்தார். யூலை 9 அன்று மக்கள் சனாதிபதி மாளிகையினுள் நுழைந்தனர். ஒன்பதாம் எண்ணிற்கு ஏதோ ஆற்றல் உண்டென்று அக்காலத்திற் பலர் பேசினர். ஆயின் யூலை 9 தானாக வந்ததன்று. ஒன்பதாம் நாள் அடையாளமாகி விட்டமையால், மக்களைத் திரட்டுவோர் அந்நாளையே குறித்தனர். எண் மாந்தரை இயக்கவில்லை. மாந்தரே எண்ணைக் கருவியாக்கினர். எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஏப்ரல் 9 அன்று திருகோணமலை எரிந்ததை அன்று எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தேர்ந்தெடுக்கப்படாத ஒற்றுமை மௌனமாகவே கிடக்கும்.

இவ்வாறு நாளொற்றுமை மூவகைப்படும்: பருவத்தால் வருவது, தற்செயலால் வருவது, மாந்தரின் தேர்வால் வருவது. முதலாவதை இயற்கை அறிவு விளக்கும். இரண்டாவதை எண் கணக்கு விளக்கும். மூன்றாவதிலேயே அறவியல் தொடங்குகின்றது; ஏனெனில் அங்கேதான் செய்வோன் ஒருவன் உளன்.

நாளுக்கு வினைசெய்யும் ஆற்றல் உண்டென்பது தமிழ் மரபின் கொள்கையன்றோ என்று சிலர் வினவலாம். நாளும் கோளும் பார்த்தல் மரபிலே வேரூன்றியது உண்மையே. ஆயின் மரபு ஒரு குரலில் மட்டும் பேசவில்லை. மதுரைக்குப் புறப்பட்ட ஞானசம்பந்தரை, கோள்நிலை நன்றன்று என்று நாவுக்கரசர் தடுத்தார் என்றும், நாட்களும் கோள்களும் அடியார்க்கு நல்லனவே என்று பதிகம் பாடிச் சம்பந்தர் புறப்பட்டார் என்றும் பெரியபுராண மரபு கூறும். திருக்கோணமலைக்கும் பதிகம் பாடியவர் அவரே. வள்ளுவர் காலமறிதல் என ஓர் அதிகாரம் வகுத்தார். அவர் வேண்டியது செயலுக்கு உகந்த சூழலை அறியும் மதிநுட்பமேயன்றி, நாளின் மேற் பாரத்தைச் சுமத்துதலன்று. சைவ சித்தாந்தமோ காலத்தையும் நியதியையும் வெவ்வேறு தத்துவங்களாகப் பிரித்தது. காலம் இறப்பு நிகழ்வு எதிர்வு என எல்லை வகுக்கும். நியதி அவரவர் வினைப்பயன் அவரவரையே சேருமாறு நிறுத்தும். இப்பிரிவின் நுட்பம் சிந்திக்கத்தக்கது. எப்பொழுது என்பது வேறு. எவருடையது என்பது வேறு. காலம் தன்னளவில் எவரையும் குற்றவாளியாக்குவதுமில்லை, குற்றத்தினின்று விடுவிப்பதுமில்லை.

நாளொற்றுமையிற் கொள்ளும் மயக்கத்தின் பெருந்தீங்கு இங்கேதான் வெளிப்படுகின்றது. ஒரு கொடுமையைப் பற்றி "அது கெட்ட நாள்" என்று சொல்லத் தொடங்கியவுடனே, இலக்கணத்தில் எழுவாய் மாறிவிடுகின்றது. கொன்றவன் நின்ற இடத்திலே நாள் வந்து நிற்கின்றது. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையருகே ஐந்து மாணவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுட் சிலர் பல்கலைக்கழகக் கல்வியை நோக்கி நின்றவர்கள். குற்றஞ்சாட்டப்பட்டிருந்தோர் 2019இற் போதிய சான்றில்லை என விடுவிக்கப்பட்டனர். ஜனவரி 2 வரலாற்றுப் பட்டியல்களிற் பெருநாளாக இடம்பெறாது போகலாம். இணைத்து வியக்கத்தக்க துணை நிகழ்ச்சி எவர் நினைவுக்கும் வராது போகலாம். அதனால் அத்துயரின் எடை குறைந்துவிடுமா? குறையாது. ஒரு நிகழ்ச்சியின் பெறுமதி அது வேறெதனோடு நாளைப் பகிர்கின்றது என்பதில் இல்லை. அதிலே வாழ்வும் சாவும் நீதியும் எவ்வாறு நின்றன என்பதிலேயே உள்ளது. அப்பெற்றோர்க்கு வேண்டுவது நாளின் மறைபொருளன்று. யார் செய்தார் என்னும் வினாவிற்கு விடையே.

அங்ஙனமாயின் நாளை முன்னிட்டு நினைத்தல் முற்றாகப் பயனற்றதா? அவ்வாறு முடிவு செய்வது அவசரமாகும். மனித நினைவு தொடர்ந்து எரியும் விளக்கன்று. அதற்கு அவ்வப்போது எண்ணெய் வார்க்க ஒரு தவணை வேண்டும். திவசமும் நினைவுநாளும் அத்தவணைகள். காரணத்தொடர்பு இல்லையெனினும், தவணை ஒன்றாயிருத்தல் ஒரு நன்மையைத் தரக்கூடும். தன் துயரை நினைக்கும் நாளிற் பிறர் துயரும் கண்ணிற் படுதலே அந்நன்மை. ஏப்ரல் 9 அன்று திருகோணமலையில் நிற்கும் ஒருவர், ஹேர்மிஸோடு மூழ்கிய பிரித்தானிய மாலுமியை நினைக்கலாம். எண்ணெய்த் தாங்கியின் மேல் வீழ்ந்த யப்பானிய விமானிகளும் தாய்மார் பெற்ற மக்களே என எண்ணலாம். பட்டான் வழியிலே தாகத்தால் வீழ்ந்த பிலிப்பினோ உழவர் மகனை நினைக்கலாம். பிலிப்பைன்ஸில் அவனுக்கு அரசு விடுமுறை உண்டு. திருகோணமலையிற் குண்டுகளுக்கு இலக்கானோர் பெரும்பாலும் நூல்களின் ஓரக்குறிப்புக்களே. இந்த ஏற்றத்தாழ்வை உணர்த்துவதும் நாளொற்றுமை செய்யத்தக்க பணிதான்.

இதற்கு இரு வரம்புகள் உண்டு. சேர்த்து நினைத்தல் சமப்படுத்தலாகி விடலாகாது என்பது ஒன்று. படையெடுத்தவனும் படையெடுக்கப்பட்டவனும் ஒரே நாளில் இறந்தமையால், இருவர் நோக்கமும் ஒன்றாகி விடாது. இரங்குதல் எல்லார்க்கும் உரியது. தீர்ப்பு அவரவர் செயலுக்கு உரியது. மற்றது, சேர்த்து நினைத்தல் போட்டியாகி விடலாகாது என்பது. எவர் இழப்புப் பெரிதென்று எண்ணிக்கையிட முற்படும் நினைவு, இறந்தோரை மீண்டும் படைவீரராக்கி நிறுத்துகின்றது.

மாந்தர் தேர்ந்த நாட்களிலே சிக்கல் இன்னும் கடினமானது. பெப்ரவரி 4 அன்று ஒருவர் மகிழ்வும் மற்றொருவர் துக்கமும் மோதுகின்றன. இரண்டுள் ஒன்று பொய்யென்று தள்ளிவிடுதல் எளிய வழி. ஆயின் அது நேரிய வழியன்று. கறுப்புக்கொடியின் பொருளைச் சற்று ஊன்றி நோக்கின் ஓர் உண்மை புலனாகும். விடுதலை என்ற சொல்லிற்கு மதிப்பே இல்லை எனக் கருதியவர் அந்நாளைத் தேர்ந்திருக்க மாட்டார். அந்நாள் அளித்த வாக்கு தமக்கும் உரியது என்றும், அது தமக்கு வழங்கப்படவில்லை என்றும் கருதியவரே அந்நாளில் துக்கங் காத்தனர். ஆகவே கொண்டாடுவோனும் துக்கங் காப்போனும் ஒரே வாக்கின் இரு பக்கத்தில் நிற்பவர். ஒருவன் அது நிறைவேறியது என்கின்றான், மற்றவன் நிறைவேறவில்லை என்கின்றான். அவர்களுக்கிடையே உள்ள பிணக்கு நாளைப் பற்றியதன்று, வாக்கைப் பற்றியது. துக்கத்தைத் தடைசெய்வதாற் கொண்டாட்டம் தூய்மையடையாது. அது தான் கொண்டாடும் பொருளையே மறுத்ததாகும். அதுபோலவே, அந்நாளில் மகிழும் எளிய மனிதர் அனைவரையும் பகைவராக எண்ணுவதாலே துக்கம் ஆழமடையாது. அது தன் முறையீட்டைக் கேட்கவேண்டிய செவிகளைத் தானே அடைத்துக்கொள்வதாகும்.

ஒரு நாள் எவர்க்கும் தனியுடைமையன்று. அதிலே அடுத்தடுத்து வாழ்ந்தோரும் இறந்தோரும் தத்தம் பொருளை வைத்துச் சென்றுள்ளனர். துறைமுகம் இதற்கு ஏற்ற உவமையாகலாம். கோணேசர் மலையின் அடியிலே உள்ள அதே நீரிற் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் பிரித்தானியரும் நங்கூரமிட்டனர். நீர் எவரையும் அழைக்கவுமில்லை, எவர் செயலுக்கும் பொறுப்பேற்கவுமில்லை. கப்பலைச் செலுத்தியவரும் பீரங்கியை இயக்கியவரும் மாந்தரே. கல்லறைத் தோட்டத்திலே ஒரு திகதியின் முன் தரித்து நிற்பவர், "இந்நாள் என்ன செய்தது" என்று வினவுவாராயின் அவருக்கு விடை கிடையாது. "இந்நாளில் எவர் எவர்க்கு என்ன செய்தார், இனி வரும் இந்நாளிற் செய்யத்தக்கது யாது" என்று வினவுவாராயின், அவ்வினா அவரை அறத்தின் வாயிலுக்கு இட்டுச்செல்லும். நாட்காட்டி இடந்தருவதோடு நின்றுவிடுகின்றது. எழுதும் பொறுப்பு மாந்தருடையது.